ஒரே முகம், வேறு ஜாதகம்: சாலை ஃபெராரியும் ரேஸ் ஃபெராரியும்!

மணிக்கு 324 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய ஒரு கார், கோவிலம்பாக்கம் மெயின் ரோட்டில் எவ்வளவு வேகம் போகும்? முன்னால் போகும் தண்ணீர் லாரி எவ்வளவு போகிறதோ, அவ்வளவுதான். மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதை இந்த வழியாகத்தான் வருகிறது. கீழ்க்கட்டளை, ஈச்சங்காடு, கோவிலம்பாக்கம், வெள்ளக்கல், மேடவாக்கம் என்று தூண், தடுப்பு, பள்ளம், தூசி. இதற்கு நடுவே தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஒரு சிவப்பு ஃபெராரி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே கதை முடிந்துவிடும்.

ஆனாலும் நம் ஏரியாவில் ரேஸ் பேச்சுக்குக் குறைவில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. அன்றிலிருந்து டீக்கடையிலேயே 'ஜிடி3', 'பிட் ஸ்டாப்' என்று பேசுகிறார்கள். வீட்டுக் குட்டிகளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: அந்த ரேஸ் காரை அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர முடியுமா? பெரியவர்கள் அதையே வேறு மாதிரி கேட்கிறார்கள்: ஷோரூமில் விற்கிற காருக்கும் டிராக்கில் ஓடுகிற காருக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?

இதற்குப் பதில் சொல்ல ஒரு காரை எடுத்துக்கொள்வோம். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் கார். ஃபெராரி எஃப்40. அதிலேயே சாலைக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என்று இரண்டு அவதாரம் உண்டு. அதற்கு முன்னால், இத்தாலிக்கும் நமக்கும் உள்ள பழைய உறவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பத்மினிக்கு ஃபெராரி என்ன முறை?

உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய 'ஃபியட்' ஞாபகம் இருக்கிறதா? ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கை கியர், முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரும் வசதி. அது இத்தாலியின் ஃபியட் 1100. மும்பையில் பிரீமியர் நிறுவனம் தயாரித்தது. 1974லிருந்து அதன் பெயர் பிரீமியர் பத்மினி. 1,089 சிசி இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன்.

1969ல் அந்த ஃபியட் நிறுவனம்தான் ஃபெராரியின் பாதிப் பங்கை வாங்கியது. ஆக, குடும்ப மரம் போட்டால் பத்மினிக்கு ஃபெராரி ஒருவகையில் சித்தி மகள். ஜாதகம் மட்டும் வேறு. எஃப்40க்கு 478 குதிரைத்திறன். பன்னிரண்டு பத்மினியை ஒன்றாகக் கட்டி இழுக்க வைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. அங்கே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான். ஆனால் அதை வரைந்த கை இத்தாலியக் கை. ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற வடிவமைப்பாளர். இன்று ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது இத்தாலியை யாரும் நினைப்பதில்லை, டிராஃபிக்கைத்தான் நினைக்கிறோம்.

இந்த ஃபியட்டும் ஹெரால்டும் ரேஸ் ஓடியிருக்கின்றன. எங்கே? செங்குன்றம் தாண்டி சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 'டி' எழுத்து வடிவம். அதில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் பந்தயம் நடத்தியது. அந்தக் காலத்தில் சாலை காரை ரேஸ் காராக மாற்றுவது பெரிய ரகசியம் இல்லை. பம்பரைக் கழற்று, பின் சீட்டைத் தூக்கு, ஹெட்லைட் உடைந்து கண்ணாடி சிதறாமல் இருக்க டேப் ஒட்டு, கார்புரேட்டரைப் பெரிதாக்கு, இன்ஜின் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டு. சனிக்கிழமை ரேஸ் கார், திங்கட்கிழமை ஆபீஸ் கார். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு ஸ்பேனர் செட் தூரம்தான்.

அந்தத் தூரத்தைக் குறைக்காமல், வேறு பாதையில் போனவர் கோவையின் கரிவரதன். சாலை காரைச் சீவிச் சீவி ரேஸ் காராக்குவதற்குப் பதில், மாருதி 800ன் இன்ஜினை மட்டும் எடுத்து, ரேஸுக்கென்றே ஒற்றை இருக்கை காரைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். நரேன் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறையே அதில்தான் பழகியது. கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஃபெராரியும் இதே கேள்வியில் நின்றது. ரேஸ் காரைச் சாலைக்குக் கொண்டுவருவதா, சாலை காரை ரேஸுக்குக் கொண்டுபோவதா? எஃப்40 விஷயத்தில் இரண்டும் நடந்தது.

ஓடாமல் போன பந்தயத்தின் பிள்ளை

1980களில் 'குரூப் பி' என்று ஒரு பந்தயப் பிரிவு இருந்தது. 200 கார் தயாரித்துக் காட்டினால் போதும், கிட்டத்தட்ட என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற அளவுக்குத் தளர்வான விதி. ஃபெராரி 288 ஜிடிஓ என்ற காரைச் செய்தது. 272 கார்கள் விற்றது. கூடவே, பந்தயத்துக்காக 'எவலூஸியோனே' என்ற முரட்டு வடிவத்தையும் தயார் செய்தது. 650 குதிரைத்திறன்.

அதற்குள் 1986ல் குரூப் பி ராலிகளில் அடுத்தடுத்து உயிர்ப் பலிகள். போர்ச்சுகலில் பார்வையாளர்கள் இறந்தார்கள். கார்சிகா தீவில் ஹென்றி டோய்வோனென் என்ற முன்னணி வீரரும் அவருடைய இணை ஓட்டுநரும் இறந்தார்கள். பிரிவையே மூடிவிட்டார்கள். பந்தயமே இல்லாமல் பந்தயக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபெராரியின் கையில் எவலூஸியோனே கல்யாணம் நின்றுபோன வீட்டில் மிஞ்சிய சமையல் மாதிரி இருந்தது.

அதை வீணாக்காமல் சாலை காராக மாற்றினார்கள். பொறியாளர் நிக்கோலா மாத்தெராட்ஸி இன்ஜின் உள்ளிட்ட வேலைகளை முன்னின்று பார்த்தார். உடம்பை வரைந்தது பினின்ஃபரினா நிறுவனம். 1987 ஜூலை 21 அன்று மரனெல்லோவில் துணியை விலக்கிக் காட்டினார்கள். ஃபெராரி பெயரில் முதல் கார் வந்து 40 வருடம் ஆனதால் எஃப்40. நிறுவனர் என்ஸோ ஃபெராரிக்கு அப்போது வயது 89. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14ல் அவர் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்து ஒப்புதல் கொடுத்த கடைசி சாலை கார் இதுதான். இதன் மீது ரசிகர்களுக்கு இருக்கிற பாசத்தில் பாதி, இந்தக் காரணத்தால்தான் என்று எனக்குத் தோன்றும்.

ரேடியோவும் இல்லை, கார்பெட்டும் இல்லை

இத்தனை விலை கொடுத்து வாங்குகிறவருக்கு உள்ளே என்ன கிடைக்கும்? ரேடியோ கிடையாது. தரையில் கார்பெட் கிடையாது. கதவைத் திறக்க உள்ளே கைப்பிடி கிடையாது. ஒரு கம்பி தொங்கும், இழுத்தால் திறக்கும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கதவில் கயிறு கட்டியிருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. ஆரம்பத்தில் வந்த கார்களில் ஜன்னல்கூடப் பிளாஸ்டிக் தகடுதான், நகர்த்தித் திறக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை. ஏபிஎஸ் இல்லை. பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டரும் இல்லை. முழுக்க முழுக்க உங்கள் கால் பலம்தான். ஏசி மட்டும் உண்டு. அதுவும் சொகுசுக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற இன்ஜினோடு உட்கார்ந்திருப்பவர் வெந்துவிடக் கூடாதே!

இதெல்லாம் கஞ்சத்தனம் இல்லை. எடைக் கணக்கு. உடம்பு கார்பன் ஃபைபர், கெவ்லர் கலவை. எண்ணெய், தண்ணீர் ஊற்றாமல் நிறுத்தினால் சுமார் 1,100 கிலோதான். பெயின்ட்டைக்கூட மெல்லிசாக அடித்திருப்பார்கள். வெயிலில் உற்றுப் பார்த்தால், சிவப்புக்கு அடியில் கார்பன் இழைகளின் நெசவு தெரியும்.

இன்ஜின் 2.9 லிட்டர், எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ. எஃப்40 ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் விஷயம் இந்த டர்போவைப் பற்றித்தான். அடிபம்பு அடித்திருக்கிறீர்களா? முதல் நான்கைந்து அடிக்கு வெறும் காற்றுதான் வரும். கை வலிக்கும், குடம் காலியாகவே இருக்கும். திடீரென்று குபுகுபுவென்று கொட்டும். அந்தக் காலத்து டர்போவும் அப்படித்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜினின் புகைக்காற்று ஒரு சிறிய விசிறியைச் சுழற்றும். அந்த விசிறி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். விசிறி வேகம் எடுக்கிற வரை ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். எடுத்த பிறகு முதுகில் எட்டி உதைத்தது போல இருக்கும். இதற்கு 'டர்போ லேக்' என்று பெயர். நேர் ரோட்டில் பரவாயில்லை. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது அந்த உதை விழுந்தால்? காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். தடுக்க எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது.

400 கார் செய்வதாகத்தான் முதலில் திட்டம். கேட்டவர்கள் அதிகமானதால் 1992 வரை 1,300க்கும் மேல் செய்தார்கள். தொழிற்சாலை விற்றதெல்லாம் இடப்பக்க ஸ்டீயரிங், சிவப்பு நிறம்.

படோவாவில் நடந்த மாற்றம்

சாலை காராகப் பிறந்த எஃப்40ஐ மறுபடியும் டிராக்குக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டது பிரான்ஸில் ஃபெராரி விற்ற தரப்பு. வேலையை ஏற்றுக்கொண்டது இத்தாலியின் படோவா நகரத்திலிருந்த மிக்கெலோட்டோ பட்டறை. (பெருங்களத்தூர் ஹெரால்டை வரைந்த மிக்கெலோட்டி வேறு, இந்த மிக்கெலோட்டோ வேறு. ஒரு எழுத்துதான் வித்தியாசம்!) எவலூஸியோனேவிலும் கை வைத்தவர்கள் இவர்கள்தான். அதனால் வீட்டு வைத்தியர் மாதிரி காரின் நாடி அவர்களுக்குத் தெரியும். பிறந்தது எஃப்40 எல்எம். எல்எம் என்றால் லே மான்ஸ், பிரான்ஸில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் ஊர்.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது முகம். சாலை எஃப்40ல் ஹெட்லைட் மூடிக்குள் ஒளிந்திருக்கும், போட்டால் தவளைக் கண் மாதிரி எழும். எல்எம்மில் அந்த மூடியும் இல்லை, அதைத் தூக்கும் மோட்டாரும் இல்லை. கண்ணாடி போன்ற தகட்டுக்குள் நிலையாகப் பதித்த விளக்கு. சில கிலோ மிச்சம். மேலே எழும் விளக்கு காற்றைத் தடுக்கும், அதுவும் மிச்சம். உள்ளே மீட்டர் முள் போய் டிஜிட்டல் எண்கள் வந்துவிட்டன. சேஸிஸுக்குக் கூடுதல் பலம். சக்கரங்கள் இன்னும் அகலம். பிரேக் பெரிது. பெரிய இன்டர்கூலர், கூடுதல் டர்போ அழுத்தம். 478 குதிரைத்திறன் 700ஐத் தாண்டியது.

எல்லாரும் இந்த 700ஐத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகத் தெரிவது பின்னால் இருக்கிற அந்த ரெக்கை. சாலை காரில் அது உடம்போடு ஒட்டிப் பிறந்தது, அசையாது. எல்எம்மில் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆட்டோவில் பின்னால் ஆள் இல்லாமல் வளைவில் திரும்பினால் துள்ளும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் தரையோடு ஒட்டிப் போகும். ஆனால் ஆள் ஏறினால் எடையும் ஏறும், வேகம் குறையும். ரெக்கை செய்வது என்னவென்றால், எடையே இல்லாத மூன்று பேரைப் பின் சீட்டில் உட்கார வைப்பது. காற்றே காரைத் தரையோடு அழுத்தும். கோணத்தைக் கூட்டினால் வளைவில் பிடிப்பு அதிகம், நேர் ரோட்டில் வேகம் குறைவு. குறைத்தால் நேர்மாறு. டிராக்குக்கு டிராக் மாற்றுவார்கள். நம்ம ஏரியாவில் சில கார்களின் டிக்கி மேல் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய பிளாஸ்டிக் ரெக்கை இருக்கிறதே, ரேடியல் ரோடு வேகத்தில் அதன் மேல் காக்கா உட்காரலாம். வேறு பயன் இல்லை.

அடுத்தது டயர். எஃப்40 சாலை காரின் டயரில் நீர் வழிய வரிப்பள்ளம் உண்டு. ரேஸ் டயரான ஸ்லிக்கில் ஒரு வரிகூட இருக்காது, வழுக்கை. தரையில் படும் ரப்பர் முழுதாகப் பட வேண்டும் என்பதற்காக. சூடானால்தான் அது பசை மாதிரி ஒட்டும். குளிர்ந்திருந்தால் ஒட்டாது. பந்தயம் ஆரம்பிக்கும் முன் கார்கள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். டிரைவர் விளையாடவில்லை, டயரைச் சூடாக்குகிறார். ரேஸ் பிரேக்குகளும் அப்படித்தான். சூடானால்தான் கடிக்கும். இப்படிப்பட்ட காரை மேடவாக்கம் சிக்னலில் நான்கு நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால், முதல் பிரேக்குக்கு அது நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். டயரில் வரி இல்லாததால், ஒரு மழை பெய்தால் கதை கந்தல்.

உள்ளே உட்கார்ந்தால்? ரேஸ் காரில் இரும்புக் குழாய்க் கூண்டு. கார் உருண்டாலும் டிரைவர் இருக்கும் இடம் நசுங்காது. தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் கட்டும் பெல்ட். ஒரு சுவிட்சை இழுத்தால் மொத்த மின்சாரமும் நின்றுவிடும், இன்னொன்றை இழுத்தால் தீயணைப்பான் பீறிடும். பெட்ரோல் டாங்க் உடையாமல் நசுங்கும் ரப்பர்ப் பை. இந்த ஒன்று மட்டும் எஃப்40ல் சாலை காருக்கும் உண்டு, பிறப்பிலேயே பந்தய ரத்தம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

எல்எம் ஜெயித்ததா? 1989ல் அமெரிக்காவின் லகுனா செகா டிராக்கில் முதல் முறை இறங்கியபோது ஓட்டியவர் ஜான் அலேசி. அந்த வருடம்தான் ஃபார்முலா ஒன்னுக்கு வந்திருந்த இளைஞர், பின்னாளில் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் வீரர். முதல் பந்தயத்திலேயே மூன்றாவது இடம். பிறகு 1995ல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் பந்தயத்தில், எட்டு வயது மூத்த வடிவமான எஃப்40, அப்போதைய புதுப் புயலான மெக்லாரன் எஃப்1 கார்களை முந்தி ஜெயித்தது. பட்டியல் நீளமில்லைதான். ஆனால் ரிட்டயர் ஆக வேண்டிய வயதில் ஜெயிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

வீட்டு கார் ஆயிரம், ரேஸ் கார் ஐந்நூறு!

இதுவரை படித்தவர்கள் "ரேஸ் கார் என்றால் அதிக பவர்" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். இங்கேதான் ஒரு திருப்பம்.

அஜித் 2024ல் ஃபெராரி எஸ்எஃப்90 வாங்கியதாகச் செய்திகள் வந்தன. சாலையில் ஓட்டும் கார். அதன் பவர் 1,000 குதிரைத்திறன். துபாயில் அவருடைய அணி பந்தயத்துக்கு இறக்கியது போர்ஷே 911 ஜிடி3 கப். பந்தயத்துக்கென்றே செய்த கார். அதன் பவர் சுமார் 500. பாதிதான்!

ஃபெராரிக்குள்ளேயே உதாரணம் உண்டு. 296 ஜிடிபி என்ற சாலை காரில் பேட்டரி உதவியோடு 830 குதிரைத்திறன். அதன் ரேஸ் வடிவமான 296 ஜிடி3ல் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள், விதி அப்படி. சுமார் 600தான். ஆனால் டிராக்கில் விட்டால் 600தான் 830ஐ முந்தும். எடை குறைவு, ரெக்கை, ஸ்லிக் டயர், களைக்காத பிரேக். வேகம் என்பது எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறோம் என்பதில் பாதி, எவ்வளவு தாமதமாக பிரேக் பிடித்தாலும் வளைவில் திரும்ப முடிகிறதா என்பதில் மீதி.

துபாய் பந்தயத்துக்குச் சில நாள் முன்னால், பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவைத் தமிழ்நாடே வாட்ஸ்அப்பில் பார்த்தது. காரின் முன்பக்கம் சிதைந்தது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்து வந்தார். கூண்டு, பெல்ட், ஹெல்மெட், கழுத்துக்குப் பாதுகாப்பு, மோதலை வாங்கிக்கொள்ளும் தடுப்பு, ஓடி வர ஆட்கள். ரேஸ் காரின் விலையில் கணிசமான பகுதி இதற்குத்தான் போகிறது. யூடியூப் வீடியோக்களில் யாரும் காட்டாத பகுதியும் இதுதான்.

அப்படியும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023ல் மட்டும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஜனவரியில் ஒரு மூத்த கார் பந்தய வீரரும், ஆகஸ்டில் 13 வயது பைக் பந்தய வீரர் ஒருவரும் விபத்தில் இறந்தார்கள். டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்கும் இடத்திலேயே இந்த நிலை.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடு பக்கம் வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சைலன்சரைப் பிடுங்கிய பைக்குகள் காதைக் கிழித்துக்கொண்டு போகும். ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆரிலும் இதே கச்சேரிதான். அந்த வண்டிகளில் கூட்டியது சத்தத்தையும் பவரையும் மட்டும். பிரேக் கம்பெனி கொடுத்தது, டயர் தேய்ந்தது, கூண்டு கிடையாது, ஓரத்தில் டயர் சுவர் கிடையாது. எதிரே மாடு உண்டு, ராங் சைடில் வரும் டெலிவரி பாய் உண்டு.

ஒரு பொது ரோட்டை ரேஸ் ரோடாக மாற்ற என்ன வேண்டும் என்பதைச் சென்னை கண்ணாலேயே பார்த்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம். முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. மூன்றரை கிலோமீட்டர் ரோட்டுக்கு இருபுறமும் தடுப்புச் சுவர், மேலே வலை, விளக்குகள். அத்தனையும் செய்த பிறகும், சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் சான்றிதழ் வரும்வரை கார்கள் காத்திருந்தன.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் படிக்கிறீர்கள் இல்லையா! பொது இடத்தில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டியது 18 வயதுக்குக் கீழ் என்றால் வண்டியின் உரிமையாளரோ பெற்றோரோ மாட்டுவார்கள்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. வண்டியைக் கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து இஷ்டத்துக்கு மாற்றுவதை 52வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் கண்ணில், சோழவரம் காலத்து 'சனிக்கிழமை ரேஸ், திங்கட்கிழமை ஆபீஸ்' கதை முடிந்துவிட்டது.

இன்று அவை எங்கே?

எஃப்40 எல்எம் இருபதுக்கும் குறைவாகவே பிறந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: பந்தயத்துக்கென்றே செய்த அந்தக் கார்களில் பல, ஒரு பந்தயம்கூட ஓடாமல் நேராகப் பணக்காரர்களின் கராஜுக்குப் போய்விட்டன. சில உரிமையாளர்கள் அதற்கு நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் மாட்டி ரோட்டில் ஓட்டினார்கள். எவலூஸியோனே ரேஸ் காரிலிருந்து சாலை எஃப்40, அதிலிருந்து ரேஸ் எல்எம், அதிலிருந்து மறுபடி சாலை! 2025ல் அமெரிக்காவின் மயாமி பக்கம் நடந்த ஏலத்தில் ஒரு எல்எம் சுமார் 1.1 கோடி டாலருக்குப் போனது. அந்த விலைக்கு வாங்கியவர் அதை ஸ்லிக் டயர் தேயத் தேய ஓட்டுவார் என்று நினைக்கிறீர்களா?

ஃபெராரி இல்லாவிட்டாலும், உண்மையான ரேஸ் காரைக் கண்ணால் பார்க்க நாம் இத்தாலி போக வேண்டியதில்லை. 1990ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை டிராக், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் நிரந்தர டிராக் இதுதான். தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள் நடக்கும் வார இறுதியில் போனால், வீட்டில் நிற்கிற அதே மாடல் கார், சீட்டெல்லாம் கழற்றிக் கூண்டு மாட்டிக்கொண்டு சீறுவதைப் பார்க்கலாம். பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளில் விசாரியுங்கள். ரேஸ் லைசென்ஸுக்கான வழி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குக் காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம்.